பிரேஸ் போடுவதா, கண்காணித்தால் போதுமா? வளரும் பிள்ளையின் முதுகுத்தண்டு வளைவு

முதுகுத்தண்டின் பக்கவாட்டு வளைவு 20 டிகிரிக்குக் கீழே என்றால், பிரேஸ் (உடம்பைச் சுற்றிப் போடும் கெட்டிக் கவசம்) வேண்டுமா என்ற குழப்பமில்லை. 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்துக் கவனித்தால் போதும். கோணம் அளப்பதிலேயே 5 டிகிரி வரை பிசகும். 15 என்பது 18 ஆனதும் பதற வேண்டாம்.

25 முதல் 40 டிகிரி வரை, எலும்பு வளர்ச்சியும் மிச்சமிருந்தால்தான் சிக்கல். பூப்படைவதை ஒட்டிய மாதங்களில் வளைவு வேகமாக ஏறும். அப்போது ‘பார்க்கலாம்’ என்பது சூதாட்டம். 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், 50 டிகிரியைத் தொடாமல் வளர்ந்து முடித்தவர்கள் பிரேஸ் தரப்பில் 72 சதவீதம், கண்காணிப்பில் 48 சதவீதம். பிரேஸ் இல்லாமலே பாதிப் பேர் தப்பினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

பிரேஸ் வளைவை நிமிர்த்தாது, ஏறவிடாமல் பிடிக்கும். அதுவும் போட்டால்தான். அதே ஆய்வில் நாளுக்கு 18 மணி நேரம் போடச் சொன்னார்கள். சராசரியாக 13 மணி நேரமாவது போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பலித்தது. 6 மணி நேரத்துக்குள் நிறுத்தியவர்களுக்கு, போடாதவர்களைவிட எந்த ஆதாயமும் இல்லை.

வெயில் காலத்தில் பிள்ளைகள் கழற்றிவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வியர்வைதான். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியனைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுப் போடுங்கள், ஈரமானால் மாற்றுங்கள். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்புத் தடம் மறையாவிட்டால் பிரேஸைச் சரிசெய்ய வேண்டும். பட்டையைத் தளர்த்துவது தீர்வல்ல, அழுத்தம் போய்விடும்.

வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 30 டிகிரிக்குள் இருப்பவை பெரும்பாலும் ஏறுவதில்லை. வலிக்கு உடற்பயிற்சியே முதல் வழி.