மெடேயாவைக் கிரேக்கத்தில் படிக்க: சொற்பட்டியலா, நாடக வரியா?

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸின் ‘மெடேயா’ 1419 வரிகள் கொண்டது, கி.மு. 431இல் ஏதென்ஸில் அரங்கேறியது. அதை மூலத்தில் படிக்க நினைப்பவருக்குச் சொல் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. டிக்கின்சன் கல்லூரி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சுமார் 500 அடிப்படைச் சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு நாடகத்தைத் திறப்பது ஒன்று. முதல் நாளே நாடகத்தைத் திறந்து, தெரியாத சொற்களை வரியோடு சேர்த்து அட்டையில் எழுதிப் படிப்பது மற்றொன்று. நான் போனது இரண்டாவது வழியில். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்தே நிற்கும்.

பட்டியலின் நன்மைகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. கைக்கு அடக்கமானது, மென், டெ, கர் போன்ற இடைச்சொற்கள் எந்த நூலிலும் வரும். சொல்லைத் தட்டினால் பொருளும் இலக்கணமும் காட்டும் பெர்சியூஸ் தளம் மூன்றாவது வழியாகுமா? அவசரத்துக்கு உதவும்; ஆனால் தட்டிப் பெற்ற பொருள் அடுத்த பக்கம்வரைகூட என் மனத்தில் தங்குவதில்லை.

என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்தது வினைச்சொல்தான். செவிலி பேசும் தொடக்கத்தையே பாருங்கள். பெலியோன் மலைச்சரிவில் பைன் மரம் வெட்டுண்டு விழாமலே இருந்திருக்கக் கூடாதா என்று அவள் புலம்புகிறாள். பட்டியல் ‘விழு’ என்பதற்கு பிப்டோ என்றும் ‘வெட்டு’ என்பதற்கு டெம்னோ என்றும் சொல்லித்தரும். வரியில் நிற்பவையோ பெசெய்ன், ட்மேதெய்சா. சில வரிகள் தள்ளி, கணவன் யாசோன் மீதான காதலில் மெடேயா நிலைகுலைந்ததைச் சொல்லும் எக்ப்ளாகெய்சா வருகிறது. அகராதியில் அது எக்ப்ளெஸ்ஸோ. ‘காண்’ என்பதை மட்டும் நெட்டுரு செய்த வெளிநாட்டவர் ‘கண்டனள்’ என்ற சொல்லின் முன் விழிப்பது போன்ற நிலைதான் இது. என் அட்டையின் முன்பக்கத்தில் அடிக்கோட்டுடன் முழு வரி. பின்பக்கத்தில் அகராதி வடிவம், காலம், பொருள். உருவம் மாறிய நிலையிலேயே சொல் அறிமுகமாவதால் அடுத்த முறை தடுமாற்றமில்லை.

நேரம் பிடிக்கும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். செவிலியின் அந்த 48 வரிகளிலேயே அட்டைகள் குவிந்துவிடும். ஆனால் ஏதென்ஸ் அரசன் ஏகேயுஸ் வரும் காட்சியில் அந்த உழைப்பு வட்டியோடு திரும்புகிறது. அங்கே கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி. கேட்ட சொல்லே பதிலிலும் எதிரொலிக்கும். பொறுமை குறைந்தவர்கள் அந்தக் காட்சியிலேயே தொடங்கலாம். கதை முன்பின்னானால் குடி முழுகிவிடாது.

பாடற்குழுவின் பகுதிகள் வேறு கணக்கு. அங்கே டோரியம் என்ற கிரேக்க வட்டார வழக்கின் சாயல் ஏறி, ‘பூமி’யைக் குறிக்கும் கே, கா ஆகிவிடும். பட்டியலை மட்டும் நம்பியவருக்குத் தெரிந்த சொல்லும் அந்நியமாகத் தோன்றும். அட்டைக்காரருக்கும் முதல் பாடல் திணறல்தான். இந்த ஒலிமாற்றத்தை விதியாகப் படித்துக்கொள்வதே சுருக்கவழி.

மறுபயனிலும் அட்டை பின்தங்கவில்லை. படுக்கையையும் மணஉறவையும் சுட்டும் லெகோஸ், ‘அந்தோ’ என்னும் ஒய்மோய், ‘அவலத்துக்குரிய’ என்னும் டலாஸ் எல்லாம் யூரிப்பிடிஸின் அடுத்த நாடகத்திலும் காத்திருக்கும். இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான ஈஸ்கிலஸுக்கு இதே முறை தாக்குப்பிடிக்குமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். அவருடைய பாடல்களில் ஓரிரு பக்கமே படித்திருக்கிறேன். அங்கே அரிய கூட்டுச்சொற்கள் மிகுதி.

மெடேயாவுக்குப் பிறகு பிளேட்டோவிடமோ வரலாற்று நூல்களுக்கோ போகிறவர் பட்டியலைப் பிடித்துக்கொள்வது நல்லது. அப்போதும் ஒவ்வொரு வினைக்கும் எதிரே அதன் இறந்தகால வடிவத்தையும் எழுதிவையுங்கள்.