கம்புகளை நம்பிக் கற்ற பார்க்கிங்: ஒரு பயிற்சிப் பள்ளியைப் பற்றி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தும், முப்பத்தாறு வயது வரை கார் ஓட்டத் தெரியாமலே காலம் தள்ளியவள் நான். அம்மாவை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஒவ்வொரு முறையும் தம்பியின் விடுமுறைக்காகக் காத்திருந்து சலித்த பிறகு, சென்ற ஆண்டு பக்கத்துப் பட்டணத்திலுள்ள ஒரு வாகனமோட்டும் பயிற்சிப் பள்ளியில் கியர் காருக்கான டி உரிமத்திற்குச் சேர்ந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை.

கணினித் தேர்வுக்கு அவர்கள் தயார்ப்படுத்திய விதத்தில் குறை இல்லை. 50 கேள்விகளில் 42 சரியாக இருந்தால் தேர்ச்சி; தமிழிலும் எழுதலாம்.

திடல் பயிற்சியில் மேடு ஏறுவதை மிக நன்றாகச் சொல்லித்தந்தார்கள். கிளட்சை மெல்ல விடும்போது காரின் மூக்கு சற்றே நிமிர்ந்து, இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு எழும். கண்ணை மூடிக்கொண்டுகூட அதை உணர முடியும் வரை என்னை அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். இன்றுவரை மேட்டில் என் கார் பின்னால் உருண்டதில்லை.

பக்கவாட்டு பார்க்கிங்கை மட்டும் அவர்கள் கற்றுத்தரவில்லை, மனப்பாடம் செய்யவைத்தார்கள் என்பதே என் கருத்து. திடலில் நட்டிருக்கும் கம்புகளைப் பார்த்து, கண்ணாடியில் இந்தக் கம்பு தெரிந்தால் ஸ்டீரிங்கை இடப்பக்கம் முழுதாக வெட்டு, அந்தக் கம்பு தெரிந்தால் நேராக்கு, பிறகு வலப்பக்கம் வெட்டு என்று எண்ணி எண்ணிச் செய்து முதல் முறையிலேயே தேர்ச்சி பெற்றேன். ஏன் வெட்டுகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதிய ஓட்டுநர் என்பதைக் காட்டும் 'பி' அடையாளம் ஒட்டிய மைவி என்ற சிறிய காரோடு கடைத்தெருவுக்குப் போன முதல் சனிக்கிழமை, மளிகைக் கடை முன்னால் ஒரு காருக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கும் நடுவே இடம் இருந்தது. 3,895 மில்லிமீட்டர் நீளமுள்ள மைவிக்கு அது தாராளமான இடம்தான், ஆனால் அங்கே கம்பு எதுவும் நடப்பட்டிருக்கவில்லை. குத்துமதிப்பாக வெட்டியதில் இடது பின்சக்கரம் கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. கடைகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நால்வர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் காரைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பேசாமல் போனதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

மறுவாரம் அதே பள்ளிக்குப் போய், உரிமம் எடுத்தவர்களுக்கென்று தனியாகத் தரும் சாலைப் பயிற்சியைக் கேட்டேன். மணிக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), நம் காரிலேயே செய்யலாம். வந்தவர் நரைத்த மீசையுடைய மூத்த ஆசிரியர். கம்புகளைப் பற்றி அவர் பேசவே இல்லை. "பின்சக்கரம் திரும்பாது மா, முன்சக்கரம்தான் திரும்பும். பின்னால போறப்போ பின்சக்கரத்தை எங்க வைக்கணும்னு மட்டும் பாருங்க" என்றார். இடது கண்ணாடியைக் கீழே சாய்த்து, சக்கரமும் கால்வாயின் ஓரமும் ஒன்றாகத் தெரியும்படி வைத்தார். பின்னால் போகும்போது இடப்பக்கம் வெட்டினால் காரின் முன்மூக்கு வலப்பக்கமாகச் சாலைக்குள் வீசும், ஆகவே வெட்டுவதற்கு முன் வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, மோட்டார் சைக்கிள் வந்தால் விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான், திடலில் நான் சுழற்றியதெல்லாம் எதற்காக என்பது விளங்கியது. கார் நகரும்போதே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும், நின்ற இடத்தில் முறுக்கினால் டயர் தேயும் என்றும் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை நிறுத்தி எடுத்தேன். ஆறாவது முறைக்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

இந்தப் பாடம் முதலிலேயே கிடைக்காமல், தனியாகக் காசு கட்டிய பிறகு கிடைத்தது என்பதே என் மனக்குறை. தேர்ச்சியைக் காட்டுவது பள்ளிக்கும் முக்கியம் என்பது புரிகிறது. ஆனாலும் திடல் பயிற்சியில் கால் மணி நேரம் கம்புகளைப் பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டவைத்தால் யாருக்கும் நட்டமில்லை. முன்பதிவுக்குத் தொலைபேசியை எடுக்க மூன்று நாள் ஆனதையும் சொல்லியாக வேண்டும்.

அப்படியிருந்தும், திடல் பயிற்சியோடு இந்தச் சாலைப் பயிற்சியையும் சேர்த்து எடுப்பதானால் இந்தப் பள்ளியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சேரும்போதே மூத்த ஆசிரியரைக் கேட்டு வாங்குங்கள். தோட்டங்களில் சம்பளம் போடும் வாரத்தில் மட்டும் நாள் குறிக்க வேண்டாம். பழகிப் பார்க்கக் கடைத்தெருவில் ஓர் இடமும் காலியாக இருக்காது.