ரெய்டு கார்டு பிழைச் செய்தி காட்டினால் முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்: எங்களுக்கு நடந்தது

கரூரில் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். பழைய டெல் டவர், உள்ளே பெர்க் எச்710 ரெய்டு கார்டு, அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் கார்டு. நான்கு டிஸ்க் சேர்ந்து ரெய்டு 5, ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பிக்கிற அமைப்பு. டேலி, ஆர்டர் விவரம், டிசைன் படங்கள் எல்லாம் அதில்தான். எங்களைப் போல சர்வீஸ் ஆளை நம்பியே ஓட்டுகிற சின்ன அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஆயுத பூஜைக்கு அலுவலகம் முழுக்கச் சுத்தம் செய்தார்கள். சர்வரையும் திறந்து ப்ளோயரால் தூசி ஊதி, பொட்டு வைத்து, பழைய இடத்தில் வைத்தாயிற்று. விடுமுறை முடிந்து போட்டால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. முந்தைய அமைப்பில் இருந்த டிஸ்க்குகள் எதையும் காணோம், இது எதிர்பாராதது என்றால் மெஷினை அணைத்துவிட்டு கேபிள்களைச் சரிபார்க்கவும் என்று அதில் இருந்தது. நான் அதைப் போனில் படம் எடுத்து வைத்தேன்.

வழக்கமாகக் கூப்பிடும் சர்வீஸ் கடையிலிருந்து ஆள் வந்தார். "கேபிளைப் பார்க்கச் சொல்லுதுங்க" என்று படத்தைக் காட்டினேன். "அது எல்லா மெஷின்லயும் வர்ற பொது மெசேஜ் சார்" என்று சொல்லி, ஒரு கீயைத் தட்டி அதைத் தாண்டிப் போனார். பக்கவாட்டு மூடியைத் திறந்து அங்கே இங்கே அமுக்கிப் பார்த்து மறுபடி போட்டார். இந்த முறை 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' இருப்பதாகச் செய்தி. 'எஃப்' அழுத்தினால் அதை ஏற்றுக்கொண்டு தொடரும், 'சி' அழுத்தினால் அமைப்புத் திரைக்குப் போகும் என்றும் கீழேயே எழுதியிருந்தது. அவர் 'சி' அழுத்தி உள்ளே போய், மெனுவில் 'க்ளியர்' கொடுத்தார். பிறகு, "கார்டு அவுட்டுங்க சார், புதுசு போடணும்" என்றார்.

அவர் என்ன செய்தார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. எந்த டிஸ்க் எத்தனையாவது, தரவு எந்த அளவுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பதையெல்லாம் இந்த வகைக் கார்டு தன்னிடமும் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். டிஸ்க்குகள் காணாமல் போய்த் திரும்பி வந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அப்போது கார்டு அவற்றை வெளி ஆளாக நினைத்து நம்மிடம் கேட்கிறது. 'இம்போர்ட்' (அந்த 'எஃப்' செய்வது இதைத்தான்) கொடுத்தால் டிஸ்க்கில் இருக்கும் குறிப்பை எடுத்துக்கொண்டு பழையபடி ஓடும். 'க்ளியர்' கொடுத்தால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். தரவு அப்படியே கிடக்கும், ஆனால் எந்தத் துண்டு எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

புதுக் கார்டு என்று சொல்லி 38,000 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். டிஸ்க்குகள் தெரிந்தன. "பாத்தீங்களா, கார்டுதான் பிரச்சினை" என்றார். கார்டை மாற்றும்போது கேபிளைக் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டினாரே, உண்மையான வைத்தியம் அதுதான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நான்கு டிஸ்க்கையும் சேர்த்துப் புதிதாக ரெய்டு 5 உருவாக்கி, 'ஃபாஸ்ட் இனிஷியலைஸ்' வேறு கொடுத்தார். இது வால்யூமின், அதாவது நான்கும் சேர்ந்த மொத்த இடத்தின், தொடக்கத்திலும் முடிவிலும் 8 எம்பி பகுதியில் பூஜ்யம் எழுதிவிடும். சி, டி டிரைவ் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை அங்கேதான் இருக்கிறது. முழு இனிஷியலைஸ் கொடுத்திருந்தால் மொத்தமும் போயிருக்கும்.

அடுத்து விண்டோஸ் ஏற்றப் போனார். எங்கள் கணக்குப் பிரிவு அக்கா குறுக்கே வந்து, "டேட்டா வராம எதையும் ஏத்தக் கூடாது தம்பி" என்று சுவிட்சையே அணைத்துவிட்டார். எங்களைக் காப்பாற்றியது அதுதான். டேட்டாவுக்கு டிஸ்க்குகளைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், ஒன்றேகால் லட்சம் ஆகும் என்றார் சர்வீஸ்காரர். பழைய கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவரிடம் அதைக் கேட்டு வாங்கி வைத்தோம்.

கோவையில் டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் நண்பரின் தம்பி வந்தார். சர்வரை அவர் ஆன் செய்யவே இல்லை. டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறு மெஷினில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் மென்பொருள் கொண்டு முழு நகல் எடுத்தார். அதன் பிறகு எல்லா வேலையும் நகலில்தான். எங்கள் அமைப்பில் துண்டு அளவு 64 கேபி, டிஸ்க் வரிசையும் ஸ்லாட் வரிசையேதான். அதை வைத்து மென்பொருளிலேயே ரெய்டைக் கட்டி, டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் மூலம் பார்ட்டிஷன்களைத் தேடிப் பிடித்தார். டேலி முழுவதும் வந்துவிட்டது. டிசைன் படங்களில் சில திறக்கவில்லை. நான்கு டிஸ்க்கிலும் ஒரு பழுதும் இல்லை.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் எங்களுக்குப் பிடி கொடுத்தது. இந்தக் கார்டுகள் நடப்பதையெல்லாம் தமக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்கின்றன. பழைய கார்டை ஒரு மெஷினில் மாட்டி, மெகாசிஎல்ஐ கருவியால் அதை எடுத்தார். டிஸ்க்குகள் போனது, திரும்ப வந்தது, கான்ஃபிகரேஷன் அழிக்கப்பட்டது எல்லாம் வரிசையாக இருந்தது. இயங்குதளம் ஏறும் முன் நடப்பவற்றுக்குக் கடிகார நேரம் இருக்காது, பவர் போட்டு எத்தனை விநாடி என்றுதான் இருக்கும். ஆனாலும் வரிசை தெளிவு. கார்டில் பழுது என்று ஒரு வரிகூட இல்லை. 'புது'க் கார்டின் பதிவை எடுத்தால் சிரிப்புதான் வந்தது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத டிஸ்க்குகள், பல வருடத்துக்கு முந்தைய தேதிகள். யாரோ கழித்துப் போட்ட சர்வரின் கார்டு! பில்லில் 'நியூ' என்று இருக்கிறது, சீரியல் நம்பர் மட்டும் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'இம்போர்ட்' எப்போதும் சரியான பதில் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க் மாதக்கணக்கில் ரெய்டுக்கு வெளியே போய்க் கிடந்து இப்போது திரும்ப வந்திருந்தால் அதிலிருப்பது பழைய தரவு. அதைக் கட்டாயப்படுத்தி உள்ளே சேர்த்தால் குழப்பம் இன்னும் பெரிதாகும். எந்த டிஸ்க் எப்போது போனது என்று பதிவைப் பார்த்த பிறகே தொட வேண்டும். எச்பி சர்வர் வைத்திருப்பவர்களுக்கு 1779 என்ற எண்ணோடு செய்தி வரும். எஃப்1 அழுத்தினால் லாஜிக்கல் டிரைவ்கள் (டிஸ்க்குகள் சேர்ந்த ரெய்டு தொகுப்புகள்) முடங்கியபடியே தொடரும். எஃப்2 என்றால் தரவு இழப்பை ஏற்றுக்கொண்டு திரும்ப இயக்குவது. அவசரத்தில் எஃப்2 தட்டுகிற ஆட்கள் உண்டு. எதுவும் புரியாத நிலையில் மெஷினை அணைத்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

சர்வீஸ் கடையில் கேட்டதற்கு முதலில் பதிலே இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். வியாபாரத்துக்காக வாங்கிய பொருள், சேவை என்றால் 2019 சட்டப்படி 'நுகர்வோர்' வரையறைக்குள் வருவது கடினம், நோட்டீஸ் அனுப்பிப் பார்க்கலாம் என்றார். இரண்டு கார்டின் பதிவுகளையும் பில் நகலையும் வைத்து நோட்டீஸ் போனதும் கார்டின் விலையைத் திருப்பித் தந்தார்கள். சர்வீஸ் சார்ஜ் 4,500 வரவில்லை, அதற்காக வழக்குப் போடவும் முதலாளிக்கு விருப்பமில்லை. பழைய கார்டையே திரும்ப மாட்டி ஓட்டுகிறோம், ஒரு குறையும் இல்லை.