மாநில உரிமமா, ஊர் ஒப்பந்தமா: அமெரிக்கச் சமூகத் தொலைக்காட்சி எங்கே பிழைக்கிறது?

அமெரிக்காவில் கேபிள் நிறுவனம் தெருவழியே கம்பி இழுக்க உரிமம் பெற வேண்டும். 1984-ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, அதற்கு ஈடாக ஊர் நிர்வாகம் மொத்த வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணம் கேட்கலாம். பொதுமக்கள், கல்வி, அரசு நிகழ்ச்சிகளுக்கென்று 'பெக்' (PEG) எனப்படும் சமூக சானல்களும் கேட்கலாம். 2005-இல் டெக்சாஸ் இந்தப் பேரத்தை ஊர்களிடமிருந்து எடுத்து மாநில ஆணையத்திடம் கொடுத்தது. கலிஃபோர்னியா, விஸ்கான்சின் எனப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மிச்சிகனில் ஊரே கையெழுத்திட்டாலும் படிவம் மாநிலம் வகுத்ததே. மாசசூசெட்ஸில் இன்றும் மேயரோ ஊர் நிர்வாகக் குழுவோதான் ஒப்பந்தம் போடுகிறது.

வேகத்தில் மாநில உரிமத்தை மிஞ்ச முடியாது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் டெக்சாஸில் 17 வேலை நாளில் சான்றிதழ் வந்துவிடும். ஊர் ஊராகப் பேசுவதென்றால் மாதக்கணக்காகும். புதிய போட்டியாளர் நுழைய இது உண்மையாகவே உதவியது.

சமூக சானல்கள் அடிவாங்கியது பண விஷயத்தில். 5 சதவீதக் கட்டணம் நகரத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்து, சாலைக்கும் காவல்துறைக்கும் போய்விடலாம். அதற்கு மேல் வசூலிக்கும் பெக் கட்டணம் (கலிஃபோர்னியாவில் பொதுவாக 1 சதவீதம்) மூலதனச் செலவுக்கு மட்டுமே. கேமரா, ஸ்விட்சர் (கேமராக் காட்சிகளை மாற்றும் கருவி), சர்வர் வாங்கலாம். அதே பணத்தில் சம்பளம் கொடுத்தால், கூட்டாட்சிச் சட்டப்படி அது 5 சதவீத உச்சவரம்புக்குள் கணக்காகிவிடும். கேமரா புதிதாக இருக்கும், இயக்க ஆள் இருக்காது. முன்பு ஊர் ஒப்பந்தத்தின்படி ஸ்டுடியோவைக் கேபிள் நிறுவனமே நடத்திய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். மாநில உரிமம் அந்தக் கடமையை நீக்கியதும், 2009 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் பொதுமக்களே நிகழ்ச்சி தயாரிக்கும் 'பொது அணுகல்' ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. விஸ்கான்சினில் பெக் கட்டணமே 2011 தொடக்கத்தோடு முடிந்தது.

மாசசூசெட்ஸில் பெரும்பாலும் அந்த 5 சதவீதத்துக்குள்ளிருந்தே இயக்கச் செலவு சானலை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்புக்குப் போகிறது. மூலதனத் தொகை ஒப்பந்தத்தில் தனியாக எழுதப்படுகிறது. நகர மண்டபத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் நேரலை அனுப்பும் இணைப்பு, ஹெச்டி சானல், நிகழ்ச்சி வழிகாட்டியில் இடம் ஆகியவற்றையும் எழுதி வாங்கலாம். மாநிலப் படிவத்தில் ஓர் ஊரின் தேவைக்கேற்ப ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது.

சானலின் இடமும் முக்கியம். டெக்சாஸில் நாளுக்கு 8 மணி நேரம் பயன்படுத்தாத சானலை நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் சிற்றூருக்கு அது கடினம். 2008-இல் மிச்சிகனில் காம்காஸ்ட் கேபிள் நிறுவனம் பெக் சானல்களை 900-களில் உள்ள எண்களுக்குத் தள்ள முயன்றபோது நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் யு-வெர்ஸ் தொலைக்காட்சிச் சேவை எல்லா ஊர்ச் சானல்களையும் 99 என்ற ஒரே எண்ணுக்குள் அடைத்தது. பார்ப்பவர் மெனுவில் தன் ஊரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தாலும் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய முடியவில்லை.

ஊர் ஒப்பந்தமும் தானாகக் காப்பாற்றாது. ஊருக்கான இலவச இணைப்பு போன்ற பொருள்வகை உதவிகளின் மதிப்பை நிறுவனம் 5 சதவீதக் கட்டணத்தில் கழிக்கலாம் என்று கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 2019-இல் விதித்தது. சந்தை விலைக்கல்ல, நிறுவனத்துக்கு ஆகும் செலவுக்கு மட்டுமே கழிக்கலாம் என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைத்தது. கேபிளைத் துண்டித்து இணைய ஸ்ட்ரீமிங்குக்கு மாறும் வீடுகளால் இரண்டு முறையிலும் வருவாய் சுருங்குகிறது.

எங்கள் கணிப்பில் ஊர் ஒப்பந்தமே மேல், ஊர் தயாராக இருந்தால் மட்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நடைமுறையைத் தொடங்கும் காலம் காலாவதிக்கு 36 மாதம் முன்பு திறந்து, 30 மாதம் முன்பு மூடும். அதற்குள் முறைப்படி நடைமுறையைத் தொடங்கக் கோரி, பொது விசாரணை, தேவைக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு கருவியின் வயதும் மாற்று விலையும் கொண்ட பட்டியல் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பட்டியல் இல்லாமல் பேசப் போனால் நிறுவனத்தின் வரைவில்தான் கையெழுத்திட நேரும். மாநில உரிமத்தின் கீழ் இருக்கும் ஊர், 5 சதவீதத்தில் ஒரு பங்கை ஆண்டு ஒப்பந்தம் மூலம் சமூக அமைப்புக்கு ஒதுக்கும்படி நகரசபையைத் தீர்மானம் போட வைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1 சதவீதக் கட்டணத்துக்கான உள்ளூர்ச் சட்டம், மாநில உரிமத்தின் 10 ஆண்டு முடியும்போது தானும் முடிகிறது. மறுபடி நிறைவேற்றாவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்க நகரத்துக்குச் சட்டப் பிடிமானம் இருக்காது.