பி7, பி20, பி100: உங்கள் ஷெட் பங்க் எதைத் தாங்கும்?

மேலூர் குவாரியிலிருந்து திருமங்கலம் லாரி ஷெட் வரை, சொந்தமாக டீசல் டேங்க் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பயோடீசல் ஊத்துனா நம்ம பங்க் தாங்குமாண்ணே?" எண்ணெயை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. டீசலில் எத்தனை சதவீதம் பயோடீசல் கலக்கிறீர்கள் (பி7 என்றால் 7 சதவீதம், பி100 என்றால் முழுக்கவே பயோடீசல்), அது எந்த ரப்பரையும் எந்த உலோகத்தையும் தொட்டுப் போகிறது, டேங்க் அடியில் எத்தனை வருடக் கசடு கிடக்கிறது என்று மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பி7-ல் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460-ன்படி, சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம். 2018-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 5 சதவீதம்தான். ஆக, இந்த அளவுக்கு ஹோஸ், நாசில், பம்ப் எதையும் மாற்ற வேண்டாம். டேங்கில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பி20-க்கு வந்தால்தான் வேலை இருக்கிறது. 20 சதவீதம் வரையிலான கலவைக்கென்றே ஐஎஸ் 16531 என்று தனித் தரம் உண்டு. பம்பும் மீட்டரும் பெரும்பாலும் அப்படியே ஓடும். சிக்கல் பழைய டேங்கில்தான். பயோடீசல் நல்ல கரைப்பான். வருடக்கணக்கில் சுவரில் ஒட்டியிருக்கும் டீசல் பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்துவிடும். திருமங்கலம் பக்கம் ஒரு ஷெட்டில் டேங்க்கைக் கழுவாமலே பி20 லோடு இறக்கினார்கள். நாலாம் நாள் நாசிலில் நூல் மாதிரிதான் எண்ணெய் வந்தது. ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே கருப்பட்டிப் பாகு போலக் கசடு. "புது எண்ணெய் சரியில்லையாண்ணே?" என்று கேட்டார் ஓனர். எண்ணெய் சரியாகத்தான் இருந்தது. அழுக்கு அவருடைய டேங்கில் முன்பே இருந்தது, இப்போதுதான் கிளம்பி வந்திருக்கிறது. டேங்க்கைக் காலி செய்து சுத்தம் செய்தோம், இரண்டு தடவை ஃபில்டர் மாற்றினோம், அதோடு சரியானது. முதலிலேயே செய்திருந்தால் வண்டிகள் நின்றிருக்காது.

அடுத்தது ரப்பர். நம்மூர் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும் கருப்பு ஓ-ரிங் (இணைப்பு ஒழுகாமல் இருக்கப் போடும் வளையம்) பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். அதற்குப் போட்டி, 'விட்டான்' (Viton) என்ற இன்னொரு வகை ரப்பர். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விலையில் நன்றாகவே தெரியும். பி20-ல் நல்ல நைட்ரைல் கொஞ்ச காலம் ஓடும், ஆனால் கசிவு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். பி100-ல் அது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிவிடும். கழற்றிய ஓ-ரிங்கைத் திரும்ப அதே பள்ளத்தில் வைத்தால் உட்காராது, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும். இயற்கை ரப்பர் அதைவிட மோசம். விட்டானும் டெஃப்லானும் அசையாது. ஓ-ரிங்கில் மிச்சம் பிடித்து, ஒழுகும் எண்ணெயில் இழப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பி20 என்றாலும் விட்டானே போடுங்கள்.

உலோகத்தில் பலர் கவனிக்காமல் விடுவது பித்தளை வால்வும் ஜிஐ பைப்பும். செம்பு, பித்தளை, வெண்கலம், துத்தநாகம், ஈயம், தகரம் இவையெல்லாம் பயோடீசலைச் சீக்கிரம் கெடுத்துக் கசடு உண்டாக்கும். ஜிஐ பைப்பின் உள்பூச்சே துத்தநாகம்தானே! அதனால் சாதாரண இரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம் நல்லது. மரை இணைப்புக்கு டெஃப்லான் டேப் போதும்.

பி100 வேறு கதை. 2015-ல் ரயில்வே, போக்குவரத்துக் கழகம் போன்ற மொத்த நுகர்வோருக்கு இதை நேரடியாக விற்க மத்திய அரசு அனுமதித்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம், மூலப்பொருள் நம் தெருவிலேயே இருப்பது. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் பயோடீசலுக்குக் கொடுக்க 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் திட்டமே தொடங்கியது. ராத்திரியெல்லாம் பரோட்டாக் கடை நடக்கும் மதுரையில் அந்த எண்ணெய்க்குப் பஞ்சமா? தீப்பிடிக்கும் வெப்பநிலையும் சாதகம்தான். டீசலுக்குத் தரம் கேட்பது 35 டிகிரி, பி100-க்கு 100-க்கும் மேல். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் குவித்து வைக்காதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். சிந்தினால் உடனே துடையுங்கள், டிஸ்பென்சரின் பெயின்டே உரிந்துவிடும்.

பி100-ல் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி டீசலைவிட 8, 9 சதவீதம் குறைவு. பி20-ல் இது 2 சதவீதத்துக்குள் அடங்கிவிடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. குளிர் மதுரையில் பிரச்சினையில்லை. கொடைக்கானல் ஏறி ராத்திரி அங்கேயே நிற்கும் வண்டிக்கு மார்கழியில் பி100 ஊற்றாதீர்கள், பாமாயிலில் செய்தது என்றால் உறைய ஆரம்பித்துவிடும்.

நம்மூருக்குத் தலைவலி வெயிலும் தண்ணீரும். பயோடீசல் டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், அது அடியில் இறங்கினால் பூஞ்சை கட்டும். கத்திரி வெயிலில் தரைக்கு மேலே நிற்கும் டேங்க் என்றால் எண்ணெய் இன்னும் சீக்கிரம் கெடும். ஆறு மாதத்துக்கு மேல் தேக்கி வைக்காதீர்கள். வாரம் ஒரு தடவை டிப் ராடில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டைத் தடவி, அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணக்கு இதுதான். பத்து, பதினைந்து லாரி ஓட்டுகிற, டேங்க்கைச் சுத்தம் செய்ய மனசுள்ள ஷெட்டுக்கு பி20. வண்டிக் கம்பெனி அந்த அளவுக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டேங்க்கைத் திறக்கவே தயங்குகிறவர்கள் பி7-ஓடு இருக்கட்டும். பி100 வேண்டுமென்றால் தனி டேங்க், தனி ஹோஸ், தனி பம்ப் போட இடமும் பணமும் வேண்டும். இருக்கிற பங்கில் அதை ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எதை வாங்கினாலும், பயோடீசலுக்கு ஐஎஸ் 15607 சோதனை அறிக்கை லோடோடு வர வேண்டும். அது இல்லாமல் வருகிற டேங்கரின் வால்வைத் திறக்க விடாதீர்கள்.