தருமபுரியில் வீட்டுக்கு எந்த நெட் போடலாம்?

பெங்களூரு, ஓசூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இப்போது நிறையப் பேர். நெட் போடும்போது எல்லோரும் கேட்பது "எத்தனை எம்பிபிஎஸ்?", அதாவது வேகம் எவ்வளவு என்றுதான். லைன் அறுந்தால் யார் வந்து ஒட்டுவார் என்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜியோ ஃபைபரில் 30 எம்பிபிஎஸ் 399 ரூபாய், 100 எம்பிபிஎஸ் 699. ஏர்டெல்லில் 40க்கு 499, 100க்கு 799. பிஎஸ்என்எல்லில் 449, 499 என்று பிளான்கள் உண்டு. விலை அவ்வப்போது மாறும், போடும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி சேரும். 399 என்பது பில்லில் 471 ஆகிவிடும். ஒருவர் வீடியோ காலில் இருக்க, ஹாலில் டிவி ஓட, 30 தாராளமாகப் போதும். பெரிய ஃபைல்களை ஏற்றி இறக்குபவர்கள் மட்டும் 100க்குப் போகலாம்.

விஷயம் ரிப்பேரில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஃபைபர் லைன் பெரும்பாலும் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வருகிறது. வைக்கோல் லாரி ஒன்று உரசினால் போச்சு. மோடத்தில் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மினுக்கினால் லைனில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம், எத்தனை முறை ஆஃப் செய்து போட்டாலும் பயனில்லை. ஆள் வந்து மெஷின் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். டவுனுக்குள் ஜியோ, ஏர்டெல் பெட்டி உங்கள் தெருவிலேயே இருந்தால் தயங்காமல் போடுங்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமம் என்றால் என் ஓட்டு பிஎஸ்என்எல்லுக்கு. அந்த லைனைப் பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரர்தான் இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார். ஆப்பில் புகார் போட்டுக் காத்திருக்காமல் அவர் செல்லுக்கே கூப்பிடலாம். ஆனால் அவர் எப்படியோ, நெட்டும் அப்படியே. அதே லைனில் இருக்கும் இரண்டு வீட்டில் விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஏர்ஃபைபர். மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி டவரிலிருந்து நெட் எடுப்பது. தெருவில் அறுந்துபோக ஒயரே இல்லை, வாடகை வீட்டுக்கு வசதி. ஆனால் சாயங்காலம் டவரில் கூட்டம் சேர்ந்தால் வேகம் இறங்கும். டவருக்கும் வீட்டுக்கும் நடுவே குன்று வந்தால் சிக்னல் வாங்காது. ஆபீஸ் வேலைக்கு, ஃபைபர் வராத இடத்தில் மட்டுமே இதைச் சொல்வேன்.

கரண்ட் போனால் மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும், ஆனால் லைன் கொடுப்பவர் பக்கமும் பேட்டரி இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈபியில் நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்களே, அன்று மத்தியானம் அதே கனெக்‌ஷன் உள்ள இன்வெர்ட்டர் வீட்டில் நெட் ஓடுகிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்கும்வரை ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள்.