வேறு காரின் பிரேக் காலிப்பரைப் பொருத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டொயோட்டா 86 வைத்திருப்பவர்களில் சிலர், மிட்சுபிஷி லான்சர் ஈவோவின் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட் என்னும் உராய்வுக் கட்டைகளால் இறுக்கி வண்டியை நிறுத்தும் பாகம்) தங்கள் காரின் முன் சக்கரங்களில் பொருத்திக்கொள்ள விரும்புகிறார்கள். ஜப்பானிலிருந்து மலேசியாவுக்கு வரும் ஹாஃப்கட்டுகளில் (பாகங்களுக்காகப் பாதியாக வெட்டி அனுப்பப்படும் பழைய கார்கள்) கழற்றிய காலிப்பர்கள் புதியவற்றைவிட மலிவாகக் கிடைப்பதே இதற்கு முக்கியக் காரணம். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பட்டறை எனக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்த விதம் என் உயிருக்கே உலை வைத்திருக்கும். ஆகவே, இதே மாற்றத்தைச் செய்ய எண்ணியிருப்பவர்களும், செய்து முடித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த காலிப்பர்கள் போலி அல்ல. இரண்டுமே நல்ல நிலையில் இருந்த அசல் பிரெம்போக்கள். ஆனால் அவை 320 மி.மீ. விட்டமும் 32 மி.மீ. தடிமனும் கொண்ட ஈவோ டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டவை. 86-இன் முன் டிஸ்க்கோ 294 மி.மீ. மட்டுமே. ஈவோவின் போல்ட் வட்டம் (சக்கர போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., 86-இன் போல்ட் வட்டம் 100 மி.மீ. எனவே காலிப்பரைத் தாங்க ஒரு பிராக்கெட் வேண்டும். ஈவோ டிஸ்க்கையே போடுவதால், 86-இன் ஹப்பில் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் நடுப்பகுதி) பொருந்துமாறு அதில் புதிதாகத் துளையிட வேண்டும். பிரேக் ஆயில் செல்லும் ஹோஸையும் மாற்ற வேண்டும். காலிப்பருக்கும் காருக்கும் நடுவே உள்ள இந்தப் பாகங்களில்தான் பட்டறைக்காரர் என்னை ஏமாற்றினார்.

"கணினியில் வெட்டிய பிராக்கெட், உயர்தர போல்ட், புது ஹோஸ், எல்லாம் சேர்த்துத்தான் இந்த விலை" என்று சொல்லி ஐயாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்கினார். வண்டியை எடுத்த அன்றே பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. இரண்டாம் முறை மிதித்தால்தான் கொஞ்சம் இறுகியது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, "தம்பி, புது பேட் டிஸ்க்கோட பழகணும், கொஞ்ச நாள் ஓட்டுங்க, தானா சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். பேட் பழகுவதற்கும் பெடல் அமுங்குவதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பழகாத பேட் பிடிப்பைக் குறைக்கலாம். ஆனால் பெடலின் கீழ் வெற்றிடம்போல் உணர்ந்தால், பிரேக் ஆயிலில் காற்று இருக்கிறது அல்லது ஏதோ ஒரு பாகம் வளைகிறது என்று பொருள். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் ஏறக்குறைய தரையைத் தொட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். அங்கிருந்து இழுவை வண்டியில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிய மறுகணமே, டார்ச் ஒளியை அடித்துக் காலிப்பரின் அடிப்பக்கத்தைக் காட்டினார். காற்றை வெளியேற்றும் நிப்பிள்கள் இரண்டும் கீழே இருந்தன. பிரேக் ஆயிலில் உள்ள காற்றுக் குமிழிகள் மேலே ஏறித்தான் நிற்கும் என்பதால் நிப்பிள் எப்போதும் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை போத்தல் ஆயில் ஊற்றினாலும் மேலே தேங்கிய காற்று வெளியே வராது. புது ஹோஸ் வாங்கும் செலவை மிச்சம்பிடித்த பட்டறைக்காரர், பழைய ஹோஸ் எட்டவில்லை என்பதற்காக இடது காலிப்பரை வலப்புறத்திலும் வலது காலிப்பரை இடப்புறத்திலும் மாட்டியிருக்கிறார். இதனால் இன்னொரு கேடும் விளைந்தது. ஈவோவின் முன் காலிப்பரில் 40 மி.மீ., 46 மி.மீ. என இரண்டு அளவுப் பிஸ்டன்கள் உண்டு. சுழலும் டிஸ்க் பேடுக்குள் நுழையும் பக்கத்தில் சிறிய பிஸ்டனும், வெளியேறும் பக்கத்தில் பெரியதும் இருந்தால்தான் பேட் சீராகத் தேயும். என் காரில் அது தலைகீழாக இருந்ததால், பேட் ஒரு முனையில் ஆப்பு வடிவத்தில் தேய்ந்துபோயிருந்தது.

பிராக்கெட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் நடுக்கம் வந்தது. கணினியில் வெட்டியதாகச் சொன்ன அந்தத் தகட்டின் விளிம்பெங்கும் கிரைண்டர் கீறல்கள் வரிவரியாகக் கிடந்தன. துளை கொஞ்சம் தள்ளிப் போயிருந்ததால், பேடின் மேல்விளிம்பு டிஸ்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு தேயாமல் ஒரு படிபோல் நின்றது. போல்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எந்த வலிமைக் குறியும் இல்லை. அவற்றுள் ஒன்று கையாலேயே திரும்பியது. டிஸ்க்கின் நடுத்துளை என் காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தும் இடைவெளியை நிரப்ப வளையம் போடவில்லை. புதிதாக இட்ட ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இல்லை. மனித உயிரைத் தாங்கும் இடத்தில் இப்படி வேலை செய்ய ஒருவருக்கு எப்படி மனம் வருகிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் பட்டறைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "ஹாஃப்கட் பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று கைவிரித்துவிட்டார். பொருளைப் பற்றி நான் குறையே சொல்லவில்லை, வேலையைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று விளக்கியும் பயனில்லை. எனவே பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளிதான். ரசீதையும் கழற்றிய பாகங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். பாகங்களைக் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுவது மிகவும் முக்கியம்.

இந்த வேலையைச் செய்ய விரும்புபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பிராக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது உங்கள் கார் மாடலுக்கென்றே தயாரிக்கப்பட்டதா, எந்த உலோகம், போல்டின் குறி என்ன, எவ்வளவு டார்க்கில் (திருகு விசையில்) இறுக்குவார்கள் என்று கேளுங்கள். சக்கரம் காலிப்பரில் இடிக்கிறது என்று ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தகடு) போட்டால், சக்கர நட் ஏறும் ஸ்டட்டின் நீளத்தையும் கேளுங்கள், 12 மி.மீ. விட்டமுள்ள ஸ்டட்டில் நட் குறைந்தது 12 மி.மீ. ஆழமாவது பிடிக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

எனக்கு வேலை செய்த பட்டறை அதே பிராக்கெட்டை வேறு பலருக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறது, இப்போதும் போட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் காரிலும் இதே மாற்றம் செய்யப்பட்டிருந்தால், அடுத்த முறை மலைப்பாதையில் ஏறுவதற்கு முன் முன்சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, நிப்பிள் மேலே இருக்கிறதா, பிராக்கெட் போல்ட் அசைகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.